கான்ட்ராஸ்ட் பார்டரும் பெரியம்மாவின் கண்ணும்

புடவைக் கடைக்குப் போய், "கான்ட்ராஸ்ட் பார்டர் இருந்தா காட்டுங்க" என்று கேட்காத பெண் நம்மில் யாராவது உண்டா? கடைக்காரரும் உடனே புரிந்துகொண்டு, மயில்கழுத்து நீலத்தில் அரக்கு பார்டர், மஞ்சளில் வாடாமல்லி பார்டர் என்று எடுத்து விரித்துப் போடுவார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நாம் யோசிப்பதில்லை. "எடுப்பா இருக்கணும்", அவ்வளவுதான் நம் கணக்கு. அந்த 'எடுப்பு' எங்கிருந்து வருகிறது என்று ஒரு வருடமாக நாங்கள் ஐந்து பெண்கள் பெயின்ட்டும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணிக் கொண்டிருக்கிறோம். அதில் படம் கற்றுக்கொண்டதோடு, ஒருத்தர் கண்ணையும் காப்பாற்றி இருக்கிறோம். அதனால்தான் தோழிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

நான் அம்பத்தூரில் இருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். என்னவருக்கு எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மத்தியானம் 2 மணியிலிருந்து மூன்றரை வரை நமக்கென்று கொஞ்சம் நேரம் கிடைக்குமே, அந்த நேரத்தில் புதன்கிழமைதோறும் எங்கள் வீட்டு மாடி வராந்தாவில் கூடுகிறோம். எங்கள் தெருவில் மூன்று பேர், திருமுல்லைவாயிலில் இருந்து ஒருத்தி, கொரட்டூரில் இருந்து ஒருத்தி. யாரும் முறையாகப் படம் கற்றவர்கள் இல்லை. கொரட்டூர்ப் பெண்ணின் பெரியப்பா பையன் மட்டும் பெரியமேட்டில் இருக்கும் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த பள்ளி அது. நம் ஊர் ஓவியர்கள் எத்தனையோ பேர் அங்கிருந்து வந்தவர்கள்தான். அந்த அண்ணன் சொல்லிக் கொடுத்ததை இவள் வந்து எங்களுக்குச் சொல்லுவாள். ஐந்தாவது ஆள் எதிர்வீட்டுப் பெரியம்மா. வயது 67. ஆவடி ஓ.சி.எஃப்.பில் தையல் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ராணுவ உடுப்புப் பச்சையில் ஒரு நூல் நிறம் மாறினாலும் கண்டுபிடித்து விடுவாராம். அந்தக் கண்தான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

"படம் வரைஞ்சு நீ என்ன ரவிவர்மா ஆகப் போறியா?" என்று என்னவர் கேட்டார். கேட்டுவிட்டு ஓ.டி. பக்கத்துக் கடையில் போஸ்டர் கலர் டப்பாக்களும் சார்ட்டும் வாங்கி வந்ததும் அவர்தான்!

முதலில் ஆளாளுக்குப் பிடித்ததைப் போட்டோம். திருமுல்லைவாயில்காரி ஒரு மயில் போட்டாள். டப்பாவில் இருந்த எல்லா நிறமும் அதில் இருந்தது. தோகையில் நீலம், பச்சை, சிவப்பு, பின்னால் செடிகொடி எல்லாம் அதே பளபளப்பில். கஷ்டப்பட்டுப் போட்ட படம்தான். ஆனால் நாலடி தள்ளி நின்று பார்த்தால் மயில் எங்கே, செடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. "இவ்ளோ கலர் போட்டும் ஏண்டி எடுக்கல?" என்று அவளே கேட்டாள். கொரட்டூர்ப் பெண் அவளுடைய செல்போனை வாங்கி, படத்தை போட்டோ எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினாள். மயிலைக் காணோம்! ஒரே சாம்பல் நிறக் குழப்பம்.

அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது. கான்ட்ராஸ்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நிறத்துக்கு நிறம் எதிர்ப்பாக நிற்பது. இன்னொன்று வெளிச்சத்துக்கு இருட்டு எதிர்ப்பாக நிற்பது. நாம் புடவையில் பார்ப்பது பெரும்பாலும் முதலாவது. படத்தைத் தூக்கி நிறுத்துவது இரண்டாவது. வீட்டில் அரக்கு உடம்பும் அடர் பச்சை பார்டரும் உள்ள பட்டு இருந்தால் செல்போனில் போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நேரில் கண்ணைப் பறிக்கிற பார்டர் போட்டோவில் காணாமல் போய்விடும். இரண்டு நிறமும் வேறு வேறுதான், ஆனால் இரண்டின் இருட்டும் ஒன்று. மஞ்சள் உடம்பில் வாடாமல்லி பார்டர் என்றால் கறுப்பு வெள்ளையிலும் அப்படியே நிற்கும். போன் இல்லாவிட்டால் கண்ணைப் பாதி சுருக்கிப் பார்த்தாலே போதும் என்பது அந்த அண்ணன் சொன்ன வழி. கண்ணைச் சுருக்கும்போது நிறம் பின்னுக்குப் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோமே, எதற்குத் தண்ணீர் தெளிக்கிறோம்? புழுதி அடங்க என்போம், சாணி தெளித்தால் சுத்தம் என்போம். இன்னொரு காரணமும் இருக்கிறது. நனைந்த தரை காய்ந்த தரையைவிட இருட்டாகத் தெரியும். அதன்மேல் வெள்ளைக் கோடு விழுந்தால் பளிச்சென்று நிற்கும். வெயில் ஏறித் தரை வெளுக்க வெளுக்கக் கோலமும் மங்கும். பூஜை அறையில் போடுகிற இழைக் கோலத்துக்கு நேர் எதிர். மாவு ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரியாது, காயக் காயத்தான் வெளுப்பு ஏறும். செம்மண் பட்டை அடிப்பது கோலத்துக்குப் போடுகிற பார்டர்தானே! இதை நம் பாட்டிகள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

இன்னொரு பரிசோதனையும் செய்தோம். பிள்ளைகளை உட்கார வைத்தும் செய்யலாம். சாம்பல் நிறத் தாளில் ஒரே அளவில் இரண்டு வட்டம் வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்பு சார்ட்டின் நடுவிலும், மற்றதை வெள்ளை சார்ட்டின் நடுவிலும் வைத்துப் பாருங்கள். ஒரே தாளில் வெட்டியது என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளுப்பாகவும், வெள்ளையின் மேல் இருப்பது கருத்தும் தெரியும். என் சின்னவன் "அம்மா, நீ ஏமாத்துற" என்று இரண்டையும் பிடுங்கிச் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டான்.

இதைக் கண்டுபிடிக்க வைத்தது ஒரு நெசவுச் சண்டை என்றால் ஆச்சரியமாக இல்லையா? பாரிஸில் கோப்ளான் என்ற பெரிய நெசவுச் சாலை. சுவரில் மாட்டுகிற சித்திரத் துணிகள் நெய்வதில் பேர் போனது. அங்கே சாயப் பகுதிக்கு 1824-ல் தலைவராக வந்தவர் செவ்ரூல் என்ற விஞ்ஞானி. "நீங்க போடுற கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்துல வெளிறித் தெரியுது" என்று அவரிடம் புகார். அவர் லண்டனிலும் வியன்னாவிலும் சாயம் போட்ட நூலை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை! பக்கத்தில் நிற்கிற நிறம்தான் கறுப்பைக் கறுப்பாகத் தெரிய விடாமல் செய்கிறது என்று கண்டுகொண்டார். வருடக்கணக்காக ஆராய்ந்து 1839-ல் பெரிய புத்தகமே போட்டுவிட்டார். மனுஷர் 102 வயது வரை இருந்தவர். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு வைத்தால் பச்சை இன்னும் பச்சையாகும், சிவப்பு இன்னும் சிவப்பாகும் என்பதெல்லாம் அவர் எழுதியதுதான். நம் காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்கிறவர்களுக்கு இது கைப்பழக்கம். உடம்பு ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம், இரண்டும் கலக்காமல் கோக்க வேண்டும் என்பதற்காக மூன்று நாடா வைத்து இரண்டு பேர் உட்கார்ந்து நெய்கிற நெசவு அது. ஓர் எடுப்புக்காக இரண்டு ஆள் உழைப்பு!

வெளிச்சமும் இருட்டும் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது மைசூர்ப் படம்தான். கையில் விளக்கை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சுடரை மறைத்தபடி ஒரு பெண் நிற்பாளே, காலண்டரில் எல்லாம் வருமே, அந்தப் படம். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. "ரவிவர்மா படம்" என்றுதான் நம்மில் பாதிப் பேர் சொல்லுவோம். ரவிவர்மா 1906-லேயே காலமாகிவிட்டார். இந்தப் படம் 1945-46-ல் வரைந்தது. வரைந்தவர் ஹல்தங்கர் என்ற மராட்டிய ஓவியர். விளக்கோடு நிற்பது அவருடைய சொந்த மகள் கீதா. அந்த அம்மாள் 102 வயது வரை இருந்து 2018-ல்தான் காலமானார். அது வாட்டர் கலர் படம் என்பது எனக்குப் பெரிய அதிசயம். எண்ணெய் வண்ணத்தில் இருட்டு போட்டுவிட்டு மேலே வெளிச்சத்தைத் தீட்டலாம். வாட்டர் கலரில் அது நடக்காது. வெளிச்சம் என்பது பெயின்ட் படாமல் விட்டு வைத்த தாள். முதலிலேயே இடம் ஒதுக்கிவிட்டு அதைச் சுற்றி இருட்டைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். விரல் இடுக்கில் சிவந்து தெரிகிற அந்த வெளிச்சத்தைப் பாருங்கள், அடுப்பு பக்கத்தில் நாம் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு போவது மாதிரியே இருக்கும்.

நாங்களும் முயன்றோம். ஒரு குத்துவிளக்கை ஏற்றி வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, ஐந்து பேரும் வரைந்தோம். அதற்கு முன்னால் கொரட்டூர்ப் பெண் ஒரு பயிற்சி கொடுத்தாள். வரிசையாக ஒன்பது கட்டம் போட்டு, முதல் கட்டம் சுத்த வெள்ளை, கடைசிக் கட்டம் சுத்தக் கறுப்பு, நடுவில் ஏழும் படிப்படியாக இருட்டிக்கொண்டே போக வேண்டும். கேட்க சுலபம். கறுப்பில் வெள்ளையை ஊற்றினால் டப்பா காலியாகும், சாம்பல் வராது. வெள்ளையில் பிரஷ் நுனியளவு கறுப்பைத் தொட்டுத் தொட்டுத்தான் கலக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் எல்லோருக்கும் ஓரளவு வந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு மட்டும் வரவில்லை. கை நடுக்கம் கிடையாது, கட்டம் தையல் போட்ட மாதிரி நேராக இருக்கும். ஆனால் முதல் மூன்று கட்டமும் ஒரே வெள்ளை, கடைசி மூன்றும் ஒரே கறுப்பு. "மூணும் ஒண்ணா இருக்கே பெரியம்மா" என்றேன். "எது ஒண்ணா இருக்கு? சரியாத்தான் கலந்திருக்கேன். உன்னுதுதான் ஒண்ணா இருக்கு" என்றார். என்னுடைய தாளில் இரண்டாவது கட்டம் அவருக்குத் தெரியவே இல்லை! வெறும் தாள் என்று நினைத்து அதன்மேல் டம்ளரை வைத்துவிட்டார். அப்புறம்தான் அவருடைய பழைய படங்களை எடுத்துப் பரப்பிப் பார்த்தோம். வருட ஆரம்பத்தில் வரைந்த வானம் நல்ல வெளிர் நீலம். மாதம் ஆக ஆக வானம் இங்க் மாதிரி ஆகிக்கொண்டே வந்திருந்தது. "நீலம் பத்தவே மாட்டேங்குது, மட்டமான டப்பா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. அதே டப்பாவில்தான் நாங்களும் தொட்டு வரைகிறோம்.

கண்ணாடிக் கடை ஒன்றில் ஆறு மாசம் முன்னால்தான் கண்ணைப் பரிசோதித்திருந்தார். எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை படித்துவிட்டாராம். "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் வெள்ளைப் பலகையில் கன்னங்கரிய எழுத்து என்பதே உச்ச கான்ட்ராஸ்ட் அல்லவா? அதைப் படிக்க முடிகிறவருக்கு, செங்காவிப் படியில் படியின் விளிம்பு தெரியாமல் போகலாம். கார்த்திகை மாசத்தில் ஒரு சாயங்காலம் பெரியம்மா கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாடிக்கு ஏற விட மாட்டோமாம்.

அடுத்த வாரமே மின்சார ரயில் ஏறி, எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இரண்டு கண்ணிலும் புரை. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழைய பிளாஸ்டிக் டப்பா மாதிரி மெல்ல மஞ்சளடித்து மங்கும். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி நீலம் உள்ளே வராது. நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், வெளிர் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், எதிரே வருகிற வண்டி விளக்கு பூச்சி பறக்கிற மாதிரி கூசும். கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் அவரவருக்குத் தெரியாது. ஒரே அளவு எழுத்து வரிக்கு வரி வெளிறிக்கொண்டே போகிற ஒரு பலகை உண்டு, 1988-ல் வந்தது, அதில் பார்த்தால் இந்தக் குறை தெரியும் என்றார். நாங்கள் எங்கள் ஒன்பது கட்டத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினோம். சிரித்துவிட்டார்.

இதே வியாதி பெரிய ஓவியர் ஒருத்தருக்கும் இருந்தது. பிரான்ஸ் நாட்டு மோனே. அல்லிக் குளத்தை விதவிதமாக வரைந்தவர். 1912-ல் புரை என்று சொல்லிவிட்டார்கள். ஆப்பரேஷனுக்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த வருடங்களில் வரைந்த பாலம், குளம் எல்லாம் பழுப்பும் சிவப்புமாக இருக்கும். 1923-ல்தான் வலது கண்ணில் ஆப்பரேஷன் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் உள்ளே வைக்கிற லென்ஸ் கிடையாது. சோடாப் புட்டிக் கண்ணாடிதான். திடீரென்று எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவர் புலம்பினாராம். இந்தக் கதையைச் சொல்லித்தான் பெரியம்மாவைச் சம்மதிக்க வைத்தோம். "அவ்ளோ பெரிய மனுஷனே பதினோரு வருஷம் பயந்திருக்கான், நான் ஒரு வாரம் பயந்தா என்ன?" என்றார்.

தை மாசத்தில் வலது கண்ணில் ஆப்பரேஷன் ஆயிற்று. செலவு என்று எதுவும் இல்லை. கட்டுப் பிரித்து நாலாம் நாள் பீரோவைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு புடவை. "இது கறுப்புன்னுதானே ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை கட்டாம வச்சிருந்தேன்! நேவி புளூம்மா இது!" என்று அப்படி ஒரு சிரிப்பு.

அதற்கு முன்பே என்னவர் மீந்துபோன மஞ்சள் எனாமல் பெயின்ட்டை எடுத்து, எங்கள் வீட்டு மாடிப்படி விளிம்பு ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலப் பட்டை அடித்துவிட்டார். செங்காவியில் மஞ்சள், கறுப்பு வெள்ளை போட்டோவிலும் தெளிவாகத் தெரிகிறது, பார்த்துவிட்டேன். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதைச் செய்யுங்கள். வெள்ளைத் தட்டில் தயிர் சாதம் போட்டால் அவர்களுக்குப் பாதி தெரியாது, அதனாலேயே மீதி வைத்துவிடுவார்கள். கருநீலத் தட்டில் போட்டுப் பாருங்கள். வாழையிலையில் வெள்ளைச் சாதம் பரிமாறினதும் எடுப்பாகத்தானே இருக்கும்! குளியலறையில் வெள்ளை டைல்ஸ் பக்கத்தில் வெள்ளைக் கைப்பிடி வேண்டாம். கண்ணில் புரை இருக்கிறதா என்று பார்க்க மாமியாரிடம் கறுப்பு நூலும் நேவி புளூ நூலும் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், திணறினால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நூலை வைத்து நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

இடது கண் இன்னும் பாக்கி. சித்திரையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பெரியம்மா ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறார். ஊறுகாய் ஜாடி ஒன்றை ஜன்னல் திட்டில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு படம், மறு கண்ணை மூடிக்கொண்டு ஒரு படம். இடது கண்ணால் பார்த்தது டீத் தண்ணியில் நனைத்த மாதிரி பழுப்பாக, ஜாடியும் சுவரும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. வலது கண்ணால் பார்த்ததில் ஜாடி தனியாக நிற்கிறது, அதன் நிழலில் ஒரு மெல்லிய நீலம். ஐந்து பேரில் நிழலில் நீலத்தைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஃபிரேமில் போட வேண்டும் என்கிறார். ஃபிரேம் போடுகிறவர் 450 ரூபாய் கேட்கிறார், பெரியம்மா 300-க்கு மேல் தர மாட்டேன் என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

- ஒரு வாசகி, அம்பத்தூர்